கரண்ட் வைக்கிறது: மெஷின் போகட்டும், அந்த 20 நிமிஷம்?



இந்த வார எபிசோட்ல 27 மெகாஹெர்ட்ஸ் பத்திப் பேசினோம். பொம்மை ரிமோட் கார் வந்தது, லாரிக்காரங்களோட சிபி ரேடியோ வந்தது. அதே அலைவரிசையில ஓடுற இன்னொரு சாதனத்துக்கு நேரம் பத்தல. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இந்த மூணுல நல்லாப் பழக்கமானது அதுதான். முட்டிக்கும் தோளுக்கும் "கரண்ட் வைக்கிற" மெஷின், அதாவது ஷார்ட்வேவ் டயாதெர்மி.

நான் இருக்கிறது தோர்ண்டன் ஹீத்ல. பக்கத்துத் தெருவுல யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருத்தர் இருக்காங்க. முட்டித் தேய்மானம். அவங்க சொன்னது இது: "தம்பி, ஊரில கரண்ட் பிடிச்சா ரெண்டு நாளைக்குச் சுகமா இருக்கும். இங்க ஒரு பேப்பரைத் தந்து அனுப்பி விடுகினம்." பேப்பர்னா உடற்பயிற்சிப் படம் போட்ட தாள். இந்தக் குறையை லண்டன்ல எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் கேக்கலாம். "இங்க மருந்தே இல்ல, வைத்தியமே இல்ல"ங்கிற பேச்சு இதுல இருந்துதான் ஆரம்பிக்குது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மெஷினை ஓரங்கட்டினது சரி. ஏன்னு சொல்லாம ஓரங்கட்டினது சரியில்ல. நம்ம பக்கம் இருக்கிற அலட்சியமும் சின்னது இல்ல, அதுக்குப் பின்னாடி வரேன்.

முதல்ல மெஷின் என்ன பண்ணுதுன்னு பாப்போம். சாதா வீட்டுக் கரண்ட் பட்டா ஏன் தூக்கிப் போடுது? நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமா முழுச் சுற்று அடிக்கிற மின்சாரத்துக்கு நரம்பும் தசையும் பதில் சொல்லுது. திசை மாறுற வேகத்தை ஏத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துல நரம்பால கூட ஓட முடியாது. பிரான்ஸ்ல தார்சொன்வால்னு ஒரு விஞ்ஞானி 1890கள்லயே இதைக் காட்டிட்டார். ஷாக் அடிக்காது, ஆனா சூடு மட்டும் உண்டாகும். அந்தச் சூட்டுக்கு "டயாதெர்மி"ன்னு பேர் வெச்சவர் நாகல்ஷ்மிட்ங்கிற ஜெர்மன் டாக்டர். கிரேக்கத்துல "ஊடாகச் சூடு"ன்னு அர்த்தம். வெந்நீர்ப் பை தோலோட நின்னுடும், இது உள்ள இறங்கும்.

27.12 மெகாஹெர்ட்ஸ்னா நொடிக்கு ரெண்டே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான தடவை. ரெண்டு தட்டுக்கு நடுவுல முட்டியை வெச்சா, முட்டியே ஒரு மின்தேக்கியோட நடுப்பகுதி ஆயிடுது. உள்ள இருக்கிற அயனிகளும் நீர் மூலக்கூறுகளும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆட்டம் போட்டுச் சூடாகும். ஒரு சிக்கல்: தட்டு வெச்சு பண்ணா தசையை விடக் கொழுப்புதான் அதிகமா சூடாகும். அதனால தசைக்குச் சூடு போகணும்னா சுருள் கம்பியை வெச்சு, காந்தப்புலத்தால உள்ளேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குவாங்க. உலோக நாற்காலியில உக்கார வைக்க மாட்டாங்க, வேர்வையைத் துண்டு வெச்சு ஒத்தி எடுப்பாங்க. ரெண்டுமே அந்த இடத்துல சூடு குவிஞ்சு தோல் பொத்துப் போகக் கூடாதுங்கிறதுக்குத்தான்.

இந்த மெஷினுக்கு லண்டனோட ஒரு பழைய கணக்கு இருக்கு. 1940ல ஜெர்மன் விமானங்கள் ராத்திரியில வழி தெரிஞ்சு குண்டு போட, கிட்டத்தட்ட 30ல இருந்து 33 மெகாஹெர்ட்ஸ்ல ரேடியோ கற்றையைப் பாய்ச்சினாங்க. பேரு க்னிக்கெபைன். பிரிட்டிஷ்காரங்க அதுக்கு வெச்ச ரகசியப் பேர் "தலைவலி". அதைக் குழப்புறதுக்கு வெச்ச பேர் "ஆஸ்பிரின்". குழப்ப உடனே கருவி வேணும், கையில இல்ல. கிட்டத்தட்ட அதே அலைவரிசையில இரைச்சல் போடக்கூடிய பெட்டி எங்க இருக்குன்னு பார்த்தா, ஆஸ்பத்திரி பிசியோ அறையில! டயாதெர்மி மெஷின்களை வாங்கி, மாத்தி அமைச்சு, ஜாமரா ஓட விட்டாங்க. எதிரி விமானத்தையே குழப்புற அளவுக்கு அந்தப் பெட்டி ரேடியோவில சத்தம் போடும். போருக்கு அப்புறம், 1947ல அட்லாண்டிக் சிட்டியில நடந்த மாநாட்டுலதான் இந்த மாதிரி சாதனங்களுக்குன்னு உலக அளவுல தனி அலைவரிசை ஒதுக்கினாங்க. நாம இன்னிக்கு வைஃபை ஓட்டுற 2.4 கிகாஹெர்ட்ஸும் அந்தக் குடும்பம்தான்.

சரி, விஷயத்துக்கு வரேன். முட்டி வலிக்கு இது கேக்குதா? இங்கிலாந்துல எந்த வைத்தியத்தைக் கொடுக்கலாம்னு வழிகாட்டுற நைஸ் அமைப்பு, 2022 அக்டோபர்ல மூட்டுத் தேய்மானத்துக்கான வழிகாட்டியைப் புதுசா வெளியிட்டது. துடிப்பு ஷார்ட்வேவ், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ், லேசர் எல்லாத்தையும் ஒரே பட்டியல்ல போட்டு, பலன் இருக்குன்னு காட்டப் போதுமான சான்று இல்ல, அதனால கொடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. முதல் இடம் உடற்பயிற்சிக்கு. அந்தத் தாள் எங்கேருந்து வந்ததுன்னு இப்போ புரியும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. "சான்று போதாது"ங்கிறதும் "பலன் இல்ல"ங்கிறதும் ஒண்ணு இல்ல. ஆன்ட்டிக்கு ரெண்டு நாள் சுகமா இருந்தது பொய்யும் இல்ல. சூடு பட்டா தசை இளகும், வலி கொஞ்சம் அடங்கும். ஆனா தேய்ஞ்ச குருத்தெலும்பு அதனால வளராது, தொடைத் தசைக்குப் பலம் வராது. மூணாம் நாள் மாடிப்படி ஏறும்போது அந்தத் தொடைத் தசைதான் முட்டியைத் தாங்கணும். அரசாங்கக் காசுல 20 நிமிஷம் பிசியோதெரபிஸ்டோட நேரம் கிடைக்குதுன்னா, அதை எதுல செலவழிக்கணும்? பயிற்சியிலதான்னு நான் சொல்லுவேன்.

ஆனா அந்த 20 நிமிஷம் நிஜமா கிடைக்குதா? ஊர்ல கரண்ட் வைக்கிறப்போ படுக்க வெச்சு, துண்டு போட்டு, "அம்மா, சூடு போதுமா?"ன்னு ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போவாங்க. பத்து நாள் தொடர்ந்து போகணும். பாதி வைத்தியம் அதுலயே இருக்கு. இங்க வர்ற தாள்ல அந்த மனுஷர் இல்ல, தமிழும் இல்ல. மெஷினை எடுத்த கையோட அந்தக் கவனிப்பையும் சேர்த்து எடுத்துட்டாங்க. சான்று இல்லன்னு சொன்னது மெஷினைத்தான். பக்கத்துல நின்னு பயிற்சி சொல்லிக் கொடுக்கிற ஆளை வேண்டாம்னு எந்த வழிகாட்டியும் சொல்லல.

இப்போ நம்ம பக்கம். எனக்கு உண்மையிலேயே கவலை தர்றது இதுதான். இங்க இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வெச்சுக்கிட்டு, இல்லன்னா பார்க்கின்சனுக்கு மூளையில மின்முனை வெச்சுக்கிட்டு, லீவுக்கு ஊருக்குப் போவாங்க. போன இடத்துல "முட்டிக்குத்தானே, பத்து நாள் கரண்ட் வெச்சுட்டு வாங்க"ன்னு வீட்டுல யாராவது கூட்டிட்டுப் போவாங்க. மூளை மின்முனையோட நீண்ட கம்பி இந்த அலைக்கு ஒரு ஆன்டெனா மாதிரி. சக்தியை வாங்கி நுனியில கொண்டு போய்க் கொட்டும். நுனி இருக்கிறது மூளைக்குள்ள. இது வெறும் கற்பனை பயம் இல்ல. 2001ல அமெரிக்காவுல ஒரு நோயாளிக்குப் பல் பிடுங்கினப்புறம் டயாதெர்மி வெச்சு, மூளை நிரந்தரமா பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்ல பதிவாச்சு. 2002 டிசம்பர்ல அமெரிக்க எஃப்டிஏ ரெண்டு மரணங்களைச் சொல்லி எச்சரிக்கை விட்டது. கருவியை அணைச்சு வெச்சாலும் ஆபத்து போகாது. கருவியை எடுத்துட்டு கம்பியை மட்டும் உள்ள விட்டிருந்தாலும் ஆபத்துதான். சூடு வைக்கிற இடம் கருவிக்குத் தூரமா இருக்கே, பரவாயில்லன்னும் நினைக்க முடியாது.

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதல் கேள்வியாவே இதைக் கேப்பாங்க. கேக்காத இடமும் இருக்கு. எங்க பெரியம்மாவை மதுரையில ஒரு கிளினிக்குக்கு நானே கூட்டிட்டுப் போயிருக்கேன். அவங்ககிட்ட கேட்ட ஒரே கேள்வி, "காசா, ஜிபேவா?" நல்லவேளை, அவங்க உடம்புல எந்தக் கருவியும் இல்ல.

பேஸ்மேக்கர் வெச்சவங்களுக்கு ஆஸ்பத்திரியில ஒரு அடையாள அட்டை கொடுத்திருப்பாங்க. அது இங்கிலீஷ்ல இருக்கும், பெரும்பாலும் பர்ஸுக்குள்ளயே தூங்கும். அதோட சேர்த்து வைக்க ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்க. வார்த்தை இவ்வளவுதான்: "என் உடம்பில் மின்கருவி பொருத்தப்பட்டுள்ளது. ஷார்ட்வேவ், மைக்ரோவேவ், அல்ட்ராசவுண்ட் ஆகிய எந்தச் சூட்டுச் சிகிச்சையும் எந்த இடத்திலும் வைக்க வேண்டாம்." வயித்துல ஸ்கேன் எடுக்கிற அல்ட்ராசவுண்ட் வேற, அதைப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். முட்டி மாத்தி உலோகம் வெச்சவங்களும் கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி அதைச் சொல்லிடணும். ஆன்ட்டிக்கு எந்தக் கருவியும் இல்ல, அவங்க வீட்டுக்காரருக்குப் பேஸ்மேக்கர் இருக்கு. ஆகஸ்ட்ல ரெண்டு பேரும் யாழ்ப்பாணம் போறாங்க. சீட்டு எழுதிக் கொடுத்துட்டேன்.