பன்னிரண்டு மணி நேர வாக்குறுதி

மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரைக்கு ஒருவர் அடிமையாகிவிட்டால், ஊர் முதலில் அவரைத்தான் குறை சொல்லும். மனத்திடம் இல்லாதவர், அளவு தெரியாதவர் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் 1999 முதல் 2019 வரை அபினி போலச் செயல்படும் ஓபியாய்டு வகைப் பொருள்களை அளவு மீறி உட்கொண்டு ஏறத்தாழ 5 லட்சம் பேர் இறந்தார்கள். இத்தனை பேருக்கும் ஒரே காலத்தில் மனத்திடம் போய்விட்டது என்று நம்ப முடியவில்லை. நிறுவனம், மருத்துவர், அரசு, நோயாளி எல்லோருக்கும் பங்குண்டு என்று சொல்வது நியாயமாகத் தோன்றும். ஆனால் சம பங்காகப் பிரித்த பொறுப்பை யாரும் சுமப்பதில்லை. ஆபத்து யாருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று கேட்டுத்தான் பொறுப்பை அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

பர்டூ ஃபார்மா என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆக்ஸிகான்டின் வலி மாத்திரை 1996இல் கடைகளுக்கு வந்தது. அதிலிருந்த ஆக்ஸிகோடோன், அபினிச் செடியின் பொருளிலிருந்து செய்யப்படும் பழைய மருந்துதான். அது மெதுவாக உடலில் கலக்கும்படி மாத்திரையை வடிவமைத்ததே புதுமை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, 12 மணி நேரத்துக்கு வலி இருக்காது என்பது நிறுவனத்தின் வாக்குறுதி. வழக்கமான மாத்திரைகளை 4 அல்லது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்ததால், இதைக் கூடுதல் விலைக்கு விற்க இந்த வாக்குறுதியே மூலதனம். ஆனால் பலருக்கு மருந்தின் வேலை அதற்கு முன்பே தீர்ந்துபோனது. சந்தைக்கு வருவதற்கு முன் நடந்த சோதனைகளிலேயே இது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்பதை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் 2016இல் ஆவணங்களோடு வெளியிட்டது. எட்டாம் மணி நேரத்தில் மருந்து தீர்ந்தால் வலி மட்டும் திரும்பாது. வியர்வை, குமட்டல், உடல்வலி, பதற்றம் என்று மருந்துக்காக உடல் ஏங்கும் துன்பமும் சேர்ந்து வரும். அடுத்த மாத்திரை உள்ளே போனதும் எல்லாம் அடங்கும். நாளுக்கு இருமுறை இப்படித் தவித்துத் தவித்து அடங்கும் உடல் எதைக் கற்றுக்கொள்ளும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சில மருத்துவர்கள் 8 மணி நேரத்துக்கு ஒன்று என்று மாற்றி எழுதத் தொடங்கினார்கள். நிறுவனம் தன் விற்பனைப் பிரதிநிதிகளை அனுப்பி அதைத் தடுத்தது. இடைவெளியைக் குறைக்காதீர்கள், மாத்திரையின் வீரியத்தைக் கூட்டுங்கள் என்பது அவர்கள் கொண்டுபோன செய்தி. வீரியம் கூடக்கூட விலையும் கூடியது, சாவுக்கான வாய்ப்பும் கூடியது. இப்படித் தவித்த நோயாளி மருந்துச்சீட்டில் இருந்ததை அட்சரம் பிசகாமல் செய்தவர். இவரிடம் போய் மனத்திடத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை.

சீட்டு எழுதியது மருத்துவர்தானே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பணத்துக்காகச் சீட்டு விற்ற மருத்துவர்கள் குற்றவாளிகள், அவர்களில் பலர் சிறைக்கும் போனார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது நேர்மையான பெரும்பான்மை. 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது ஓபியாய்டு மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரே அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்பது அதன் சாரம். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் நீண்டகால வலிக்கு ஓபியாய்டு பாதுகாப்பானது என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினார்கள். அந்தக் கடிதம் 600 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டதையும், பெரும்பாலோர் அதைத் தவறாகவே பயன்படுத்தியதையும் அதே இதழ் 2017இல் கணக்கெடுத்து வெளியிட்டது. ஐந்து வாக்கியங்களைப் படித்துப் பார்க்காதது மருத்துவத் துறையின் பிழை. ஆனால் படிக்காமல் நம்பியவரின் பிழையும், நம்பவைத்துப் பணம் பார்த்தவரின் குற்றமும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. ஆக்ஸிகான்டின் அடிமையாக்கும் வாய்ப்பு குறைவு என்று தன் ஊழியர்கள் ஏமாற்றும் நோக்கத்தோடு விற்றதை, 2007இல் பர்டூவோடு இணைந்த நிறுவனம் நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொண்டது.

மருந்து ஆலையிலிருந்து கடைக்குப் போகும் வழியில் இருப்பவர்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 18 லட்சம். 2007 முதல் 2012 வரை அங்கே இறங்கிய ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரைகள் 78 கோடி. குழந்தைகளையும் சேர்த்து ஆளுக்கு 400க்கு மேல். ஏறத்தாழ 400 பேர் வாழும் கெர்மிட் என்ற சிற்றூரின் ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டுகளில் சுமார் 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் போயின. எரிக் ஏர் என்ற செய்தியாளர் இதை 2016இல் எழுதி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாததன்று. அனுப்பிய மொத்த விற்பனையாளரின் பேரேட்டில் இருந்தது, மத்திய போதைத்தடுப்பு முகமையின் கணினியிலும் இருந்தது. அசாதாரணமான ஆர்டர் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியும் இருந்தது. தனித்தனி நோயாளியின் கண்ணுக்கோ மருத்துவரின் கண்ணுக்கோ படாத முழுச் சித்திரம் இந்த இரு இடங்களில் மட்டுமே தெரிந்தது. பார்க்க முடிந்தவர்கள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் லாரியை அனுப்பினார்கள்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்று அதிகம் பேரைக் கொல்வது கள்ளச்சந்தையில் வரும் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு. மாத்திரைச் சீட்டுகள் 2012க்குப் பின் குறைந்துகொண்டே வந்தும் சாவு ஏறியதே, பிறகு மருந்து நிறுவனத்தை எப்படிக் குற்றம் சொல்வது என்பது அது. சீட்டு குறைந்தது உண்மை. ஆனால் ஏற்கெனவே அடிமையாகிவிட்ட லட்சக்கணக்கான உடல்கள் குறையவில்லை. 2010இல் ஆக்ஸிகான்டினைப் போதைக்காக எளிதில் நசுக்க முடியாதபடி மாற்றியபோது, அப்படிப் பயன்படுத்திவந்த பலர் ஹெராயினுக்குப் போனார்கள். அந்த ஹெராயின் சந்தையில்தான் 2013க்குப் பின் ஃபென்டனில் கலந்தது. கள்ளக் கடத்தல்காரரின் குற்றம் தனி. அவருக்கு வாடிக்கையாளர்களை உருவாக்கிக் கொடுத்தவரின் பங்கு அதனால் கரைந்துவிடாது.

தண்டனை என்ன ஆனது? 2007இல் அபராதம் ஏறத்தாழ 60 கோடி டாலர். குற்றத்தை ஒப்புக்கொண்ட மூன்று உயரதிகாரிகளில் ஒருவரும் சிறை செல்லவில்லை. அடுத்த பத்தாண்டில் உரிமையாளர்களான சாக்லர் குடும்பம் நிறுவனத்திலிருந்து எடுத்த பணம் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. 2020இல் நிறுவனம் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. குடும்பத்துக்கு வழக்குகளிலிருந்து காப்பு தரும் ஒப்பந்தத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024இல் நிராகரித்தது. 2025இல் அவர்கள் 15 ஆண்டுகளில் 650 கோடி டாலர் வரை தரும் புதிய ஏற்பாடு உருவானது. குடும்பத்தில் யார்மீதும் குற்ற வழக்கு இல்லை.

கெடுபிடி கூடினால் உண்மையான வலிக்காரர் தவிப்பார் என்ற அச்சத்தையும் நான் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் 2016இல் ஓபியாய்டுச் சீட்டு எழுதுவதற்கான வழிகாட்டுதல் வந்ததும், பல ஆண்டுகளாக மருந்தில் இருந்தவர்களுக்கு அதைத் திடீரென நிறுத்தினார்கள். சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்குப் போனார்கள் என்று 2019இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. அதுவும் பொறுப்பைத் தவறான முனையில் சுமத்தியதன் விளைவு. இந்தியாவில் புற்றுநோய் முற்றியவர்களில் பெரும்பாலோருக்கு வலி தணிக்கும் மார்பின் கிடைப்பதே அரிது. கட்டுப்பாடு பாய வேண்டியது படுக்கையில் கிடப்பவர்மீது இல்லை, லாரியை அனுப்புகிறவர்மீது.

தமிழ்நாட்டிலும் டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் பிடிபடுகிறார்கள். செய்தியில் வருவது அந்த இளைஞர்கள், அவர்களுக்கு விற்றவர், சில சமயம் ஒரு மெடிக்கல் ஷாப். ஆனால் மாத்திரை அட்டையில் ஆலையின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்தத் தொகுதி எந்த மொத்த விற்பனையாளருக்குப் போனது, அங்கிருந்து எத்தனை அட்டை எந்தக் கடைக்கு, எந்த ரசீதில் போனது என்பதை விசாரணை அதிகாரி கேட்க வேண்டும், கிடைத்த பதிலைக் குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டும்.