தேடாமல் எழுதும் ஆய்வு

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒன்றில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். சிலப்பதிகாரம் பற்றிய ஆய்வு. 'இப்பொருளை இதுவரை எவரும் ஆராய்ந்திலர்' என்று முன்னுரை அறிவித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, இதே பொருளில் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, பார்த்ததுண்டா என்றார். ஆய்வாளர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டம் வழங்கப்பட்டது.

அந்த மாணவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஐந்தாண்டுகள் அவருக்கு யாப்பும் அணியும் உரையாசிரியர்களும் கற்பித்தோம். நூலகத் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரையைத் தேடி எடுப்பது எப்படி என்று ஒரு மணி நேரமேனும் கற்பித்தோமா? நமக்கே தெரியாததை எங்ஙனம் கற்பிப்பது!

'வசதி இல்லை' என்பது நாம் சொல்லும் முதற்சாக்கு. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடங்கும். முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியது; தனியார் கல்லூரியார் வெளியே நிற்கின்றனர் என்பது நியாயமான குறை. ஆயினும் சோத்கங்காவின் ஆய்வேடுகள் எவருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஜேஸ்டோர் தளமோ, கணக்குத் தொடங்கும் தனிநபருக்குக் குறிப்பிட்ட அளவு கட்டுரைகளைக் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. கதவு திறந்திருக்கும் இடத்திலும் நாம் நுழைவதில்லை.

'தமிழாய்வுக்கு அவை எதற்கு?' என்பது இரண்டாம் சாக்கு. எமனோ 1956-இல் 'லேங்குவேஜ்' இதழில் எழுதிய 'இந்தியா ஒரு மொழியியல் வட்டாரம்' என்னும் கட்டுரையை நம் மொழியியல் நூல்கள் விடாது சுட்டுகின்றன. அதனை மூலத்தில் படித்தவர் எத்தனை பேர்? ஒருவர் சுட்டியதை மற்றவர் சுட்ட, மேற்கோள் வாய்வழிச் செய்தியாகிவிட்டது.

தேடப் புகுந்தவரும் பாதியில் திரும்புவதற்குக் காரணம் எழுத்துப்பெயர்ப்பு. 1939-இல் இராமச்சந்திர தீட்சிதரின் மொழிபெயர்ப்பு சிலப்பதிகாரத்தை 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கியது. 1965-இல் தனியேலூ 'எஸ்' உடன் 'எச்' சேர்த்தார். 1993-இல் ஆர். பார்த்தசாரதி 'சி' என்னும் எழுத்தில் தொடங்கினார். ஒரே காப்பியம், மூன்று வாயில்கள். ஒன்றை மட்டும் தட்டிவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதுகிறோம். எல்லா வடிவங்களையும் 'அல்லது' என்னும் இணைப்பால் சேர்த்துத் தேடுக. இளங்கோ, கண்ணகி என்று பெயர் மாற்றித் தேடுக. கிடைத்த ஒரு நல்ல கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்க. அதனைச் சுட்டியவர் யாவர் என்று முன்னோக்கியும் செல்க. இதற்கு வேண்டுவது பொறுமை ஒன்றே.

இனி நம் முற்றத்துக் குப்பைக்கு வருவோம். நாம் எழுதுவதைப் பிறர் தேடினால் கிடைக்குமா? கருத்தரங்குதோறும் தலையணை பருமனில் கட்டுரைத் தொகுதி அச்சிடுகிறோம். பொருளடைவு இல்லை, சுருக்கம் இல்லை, திறவுச்சொல் இல்லை. பதவி உயர்வுக் கோப்பில் ஒரு படி, பரணில் ஒரு படி. சோத்கங்காவில் ஏறிய தமிழ் ஆய்வேடுகளிலும் பல வெறும் பக்கப் படங்கள். உள்ளிருக்கும் ஒரு சொல்லையும் தேடிப் பிடிக்க இயலாது.

1865-இல் ஜான் மர்டாக் அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டார். 1966-இல் தனிநாயகம் அடிகளார் தமிழியல் நூல்களுக்கு வழிகாட்டி நூல் தொகுத்தார். கணிப்பொறி இல்லாத காலத்தவர் செய்த வேலையை, கைப்பேசியைக் கையிலேயே வைத்திருக்கும் நாம் செய்யவில்லை.

ஆகவே முதுகலைப் பாடத்திட்டத்தில் தேடற்பயிற்சிக்கு ஒரு தாள் வேண்டும். முந்தைய ஆய்வுகளை எங்கே, எச்சொற்களால் தேடினோம் என்பதை ஒவ்வோர் ஆய்வேடும் பதிவுசெய்ய வேண்டும். உ.வே.சா. தாம் பெற்ற ஏடுகளின் விவரத்தை முகவுரைகளில் எழுதிவைத்தார். அந்த நேர்மையில் ஒரு பங்கேனும் நம்மிடம் இருந்தால், 'எவரும் ஆராய்ந்திலர்' என்று எழுதுமுன் நம் கை சற்றே நடுங்கும்.