கடைவீதியில் மஃரிப் நேரம்

சென்னை தியாகராய நகர்க் கடைவீதிகளில் மஃரிப் பாங்கு ஒலித்ததும் நம் ஆண்கள் பள்ளிவாசலைத் தேடிச் செல்கிறார்கள். பெண்களோ பைகளைச் சுமந்தபடி நடைபாதையில் நிற்கிறார்கள். வீடு திரும்புவதற்குள் தொழுகை நேரம் முடிந்துவிடுகிறது. பெண்ணுக்கு வீட்டில் தொழுவதே சிறப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவள் அப்போது வீட்டில் இல்லையே!

அல்லாஹ்வின் அடிமைப் பெண்களைப் பள்ளிவாசல்களை விட்டும் தடுக்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் 'பாபுன் நிஸா' என்று பெண்கள் பெயரிலேயே ஒரு வாசல் உண்டு. பெண்கள் பள்ளிவாசலில் தொழ அனுமதி உண்டென்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

பளிங்குத் தரைக்கு நிதி திரட்டும் ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது அதிகமன்று: திரையிட்ட ஓர் அறை, தனி உளூக் குழாய், கழிப்பறை, இவை இங்கே உண்டென்று வாசலில் ஒரு பலகை.