வெள்ளைக்காரன் வயிற்றுக்கு மட்டுமா?

கொச்சியிலிருந்து போன ஜாதிக்காய், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்ததால் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது என்று செய்தி வந்துவிட்டால், மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளிலும் வெலிங்டன் தீவு ஏற்றுமதி அலுவலகங்களிலும் கிளம்பும் பேச்சு ஒன்றுதான். "அஃப்ளாடாக்சின் என்பது வெள்ளைக்காரன் போட்ட முட்டுக்கட்டை. நம் முப்பாட்டன் தின்னாததா? அடுப்பில் ஏற்றினால் எந்தப் பூஞ்சை பிழைக்கும்?" தமிழ்நாட்டு மண்டிகளிலும் இதே ராகம்தான்.

முட்டுக்கட்டை என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 2001-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். சர்வதேச வரம்பை விட்டுவிட்டு ஐரோப்பா தன் கெடுபிடியான வரம்பைப் பிடித்துக்கொண்டால், ஆப்பிரிக்காவின் ஏற்றுமதியில் 67 கோடி டாலர் அடிபடும். அதனால் தப்பும் உயிர்கள் ஆண்டுக்கு நூறு கோடிப் பேரில் ஒன்றிரண்டு. வியாபாரிகள் இந்தக் கணக்கை விரும்பி எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அது யாருடைய உயிர்க் கணக்கு? ஐரோப்பியனுடையது. அவன் அந்த இறக்குமதிச் சரக்கைத் தொட்டுக்கொள்கிற அளவுக்குத்தான் தின்கிறான். ஹெபடைடிஸ்-பி தொற்றும் அங்கே குறைவு. அந்தத் தொற்று உள்ள ஈரலில் அஃப்ளாடாக்சினின் பி1 வகை ஏறத்தாழ 30 மடங்கு கூடுதலாகப் புற்றுநோயைத் தூண்டும். ஆக, அவனுக்கு அற்பமான ஆபத்து நமக்கும் அற்பம் என்று அந்தக் கணக்கு எங்கும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, ஐரோப்பாவின் கூடுதல் சோதனைப் பட்டியலில் இருந்தது இந்திய ஜாதிக்காய் மட்டுமல்ல. அமெரிக்க நிலக்கடலையும் இருந்திருக்கிறது.

அடுப்பு வாதம்தான் இவற்றில் ஆபத்தானது. அடுப்பில் பூஞ்சை சாகும். அது சுரந்து வைத்த நஞ்சு ஒரு வேதிப்பொருள். சாவதற்கு அதற்கு உயிரில்லை. பி1 நன்றாகச் சிதைய 240 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சூடு வேண்டும். கொதிக்கிற குழம்பு 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். வறுத்தால் ஓரளவு குறையும், அவ்வளவே. சந்தேகம் உள்ளவர்கள் 1974-ஐப் பார்க்கலாம். ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் பக்கம், அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளத்தை உலர்த்த வழியில்லாத பழங்குடிக் குடும்பங்கள் அதையே தின்றன. பச்சையாக அல்ல, சமைத்துத்தான். மஞ்சள் காமாலை வந்தது, வயிற்றில் நீர் கோத்தது. 397 பேர் விழுந்தார்கள், 106 பேர் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் சோதித்த மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 6,000 முதல் 15,000 மைக்ரோகிராம் வரைக்கும், அதற்குச் சற்று மேலேயும் நஞ்சு இருந்தது. கென்யாவில் 2004-இல் மறுபடியும் மக்காச்சோளம், 125 சாவு. இந்த இரண்டு ஊரிலும் வெள்ளைக்காரனுக்கு என்ன வேலை?

முப்பாட்டன் தின்றார், சரி. அவர் ஈரல் நோயில் போனாரா என்று யார் பார்த்தார்கள்? சிறுகச் சிறுகச் சேரும் நஞ்சு பல ஆண்டு கழித்துத்தான் கட்டியாக வெளிப்படும். அப்போது எந்தக் கடலையைக் குற்றம் சொல்வது?

"நாங்கள் பொறுக்கிச் சுத்தம் செய்துதான் அனுப்புகிறோம்" என்பது கடலை வியாபாரிகளின் அடுத்த வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது, பொறுக்குவது பலன் தருகிற வேலைதான். நிலக்கடலையில் நஞ்சு சீராகப் பரவியிருக்காது; சுருங்கின, நிறம் மாறின சில பருப்பில் குவிந்து கிடக்கும். கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் என்ற கணக்கில் நஞ்சேறிய தனிப் பருப்புகள் ஆய்வகங்களில் பதிவாகியிருக்கின்றன. அரை கிராம் எடையில் அப்படி ஒன்றே ஒன்று 50 கிலோ மூட்டைக்குள் விழுந்தால், மூட்டை முழுவதற்கும் கிலோவுக்குச் சராசரி 10 மைக்ரோகிராம் ஏறிவிடும். இங்கே எடுத்த மாதிரி தேறுவதும் அங்கே எடுத்தது தோற்பதும் இதனால்தான். அதில் சதி எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் பொறுக்கித் தள்ளிய சொத்தைக் கடலை எங்கே போகிறது? குப்பைக்குப் போவதைவிட எண்ணெய் ஆலைக்குப் போவதே வழக்கம். அங்கிருந்து புண்ணாக்காக மாட்டுத் தொட்டிக்கு. மாடு தின்ற பி1-இல் நூற்றுக்கு ஒன்று முதல் ஆறு பங்கு வரை, எம்1 என்று உருமாறிப் பாலில் இறங்கும். பால் காய்ச்சினாலும் போகாது. 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 5.7 விழுக்காடு, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டின. முன்வரிசையில் நின்ற மாநிலங்கள் தமிழ்நாடு, டெல்லி, கேரளம். தமிழ்நாட்டில் 551 மாதிரிகளுக்கு 88. ஐரோப்பாவில் பாலுக்கு வரம்பு 0.05; நாம் தோற்றது அதைவிடப் பத்து மடங்கு தளர்வான வரம்பில்.

கடைசியாக, "ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, அதில் என்ன வந்துவிடும்?" பிரியாணிக்கு அது சிட்டிகைதான். நம் வீடுகளில் அதை முதலில் தின்பது யார்? கைக்குழந்தை. குளிப்பாட்டிய கையோடு வசம்பு, மாசிக்காய், சுக்கு வரிசையில் ஜாதிக்காயையும் தாய்ப்பால் விட்டுக் கல்லில் இழைத்து நாக்கில் தடவுகிறோம். அந்தக் காய் கேரளத்தில் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கொட்டுகிற மழையில் வெடித்து ஈர மண்ணில் விழுந்தது. வெயில் கிடைக்காது. ஓட்டுக்குள் பருப்பு தளர்ந்து கடகடவென்று ஆடும் வரை புகையிலோ சூட்டிலோ உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு உடைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஓட்டோடு வாங்கினால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஐரோப்பாவுக்குப் போகும் ஜாதிக்காயை நறுமணப் பொருட்கள் வாரியம் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. அங்கே மொத்த அஃப்ளாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். நம் நாட்டில் மசாலாப் பொருளுக்கு வரம்பு 30. ஆகவே 20 உள்ள மூட்டை ரோட்டர்டாமில் விலக்கப்பட்ட சரக்கு, எர்ணாகுளம் பிராட்வே சந்தையில் சட்டப்படி விற்கலாம். முட்டுக்கட்டை என்று புலம்புகிறவர்கள் 10-ஐப் பற்றி மனுக்கொடுக்கிறார்கள். அந்த 30-ஐக் குறைக்கச் சொல்லி யார் மனுக்கொடுப்பது?