ரம்பத்தின் மறைப்பு எங்கே போயிற்று?



இந்தப் பகுதியில் வழக்கமாகச் சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சி என்று எழுதி வருகிறோம். இம்முறை விரல்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது பால் வெட்டப் போகிறார்கள்? பலர் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் பலகை ஆலைக்கும் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் பல இடங்களில் அவர்கள் கையில் வருவது நம்முடைய ரப்பர் மரம்தான். 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தோம். இன்று அது மூவார் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நாற்காலியாகி வெளிநாடு போகிறது. நல்லதுதான். ஆனால் அந்த நாற்காலிக்கு யார் விரலைக் கொடுப்பது?

ஒரு தீபாவளியன்று உறவுக்காரர் வீட்டில் ஒரு தம்பியைப் பார்த்தேன். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றன. “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டேன்.

“என் கவனக்குறைவுதாண்ணே.”

“ரம்பத்துக்கு மறைப்பு இருந்ததா?”

“நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இல்லண்ணே. வேலைக்கு இடைஞ்சல்னு கழட்டி மூலையில போட்டிருந்தாங்க.”

பார்த்தீர்களா? மறைப்பைக் கழற்றியவர் ஒருவர். அதைக் கண்டும் காணாமல் இருந்தவர் இன்னொருவர். விரலை இழந்தவனோ பழியையும் தானே சுமந்துகொண்டு நிற்கிறான்! “கவனக்குறைவு” என்ற இந்த ஒரு சொல்லை நாம் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அதே பலகையைத் தள்ளுகிறவனுக்கு ஒரு தடவை கண் அசரத்தான் செய்யும். அந்த ஒரு தடவைக்காகத்தானே மறைப்பே இருக்கிறது?

மறைப்பு போட்டால் வேலை நடக்காது, அளவு தெரியாது என்கிறார்கள். இது தப்பு. பால் வெட்டுகிற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், மறுபட்டை முண்டு முண்டாக வளரும். கத்தி மழுங்கியிருந்தால் பலத்தைப் போட்டு இழுப்போம், அப்போதுதான் கை வழுக்கும். சரியாக வெட்டுகிறவன்தான் பத்திரமாகவும் வெட்டுகிறான். மெஷினிலும் இதே கதைதான். அளவு தப்பாக வைத்த ரம்பம் பலகையையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும்.

வட்ட ரம்பத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முன்பக்கத்தில் பற்கள் கீழ்நோக்கி இறங்கிப் பலகையை மேசையோடு சேர்த்து அழுத்துகின்றன. பின்பக்கத்திலோ அவை மேல்நோக்கி ஏறி வருகின்றன. பலகை பின்னால் போய் அந்தப் பற்களில் மாட்டிக்கொண்டால், அப்படியே தூக்கி ஆளை நோக்கி எறிந்துவிடும். கையை எடுக்கலாம் என்று நினைப்பதற்குள் பலகை வயிற்றில் வந்து அடிக்கும். பலகையைப் பிடித்திருந்த கை ரம்பத்தின் மேலேயே போய் விழும். பலர் விரலை இழந்தது இப்படித்தான்.

ரப்பர் பலகைக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றில் சாய்ந்து வளர்ந்த மரத்தின் உடம்பில் ஓர் இழுவை இருக்கும். நீளவாக்கில் பிளக்கும்போது அந்த இழுவை அவிழ்ந்து, வெட்டிய வாய் ரம்பத்துக்குப் பின்னால் மூடிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ரம்பத்தை ஒட்டினாற்போல் பின்னால் ஒரு வளைந்த இரும்புத் தகடு நிற்கிறது. அது வெட்டு வாயைத் திறந்தே வைத்திருக்கும். மேசை மட்டத்தில் பற்களுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தத் தகட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, “பையன் கவனமா இல்ல” என்றால் என்ன நியாயம்?

பலகையின் ஓரத்தை ஒட்டி நகர்த்துகிறோமே அந்த வழிக்கட்டை, அது ரம்பத்துக்கு நேராக இருக்கிறதா என்று முன்னாலும் பின்னாலும் அளந்து பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒரு நூல் நெருங்கியிருந்தாலும் பலகை நெருக்குண்டு சூடாகும். வெட்டிய ஓரம் கறுத்துப் போனால், தீய்ந்த வாடை வந்தால், அகலம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்தால், அது மெஷின் கொடுக்கும் எச்சரிக்கை. அப்போது இன்னும் பலமாகத் தள்ளாதீர்கள். நிறுத்துங்கள். கரண்டை முழுசாக வெட்டிவிட்டு, ரம்பம் சுற்றி ஓய்ந்த பிறகு அளவைப் பாருங்கள். ரப்பர் பலகையின் பிசின் பற்களில் அடைத்துக்கொண்டாலும் இதே கோளாறு வரும். ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் ஐந்து நிமிஷம் போகும். போகட்டுமே!

கடைசி ஒரு அடி நீளத்தைக் கையால் தள்ளவே கூடாது. தள்ளுகோல் வேண்டும். அது ஒன்றும் விலை கொடுத்து வாங்கும் சாமான் இல்லை, அதே பட்டறையில் ஒரு துண்டுக் கட்டையில் செய்துகொள்ளலாம். சுற்றுகிற ரம்பத்தின் பக்கம் துணிக் கையுறை போடாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டதே கையை உள்ளே இழுத்துவிடும். சங்கிலி, காப்பு, தொங்கும் சட்டைக் கை, எல்லாம் அப்படித்தான்.

வீட்டிலே மரவேலை செய்யும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் ரம்பத்தை மாட்டி, மறைப்பையும் கழற்றிவிட்டுக் கோழிக்கூண்டு செய்கிறீர்களே, நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிற சாமான் அது. அதில் பல் ரம்பம் மாட்டாதீர்கள்.

தூசியையும் சும்மா விட்டுவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்கில் வருவது. காற்றுக் குழாயால் சட்டையை ஊதிவிட்டு வீட்டுக்கு வருகிற பழக்கத்தை விட வேண்டும். ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ கிளினிக்குக்குப் போங்கள், “மரவேலை செய்கிறேன்” என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சத்தத்தைப் பற்றி அம்மாமார்களுக்குத்தான் முதலில் தெரியும். மகன் டிவி சத்தத்தை மாதத்துக்கு மாதம் கூட்டிக்கொண்டே போனால் காது கெட ஆரம்பித்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் பலமாகவே இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் சின்னப் பட்டறை வரைக்கும் செல்லுபடியாகிறது. உயிருக்கோ கை காலுக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது. 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் தரப்பும் உட்கார வேண்டும். உங்கள் மகன் வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

விபத்தே நடந்துவிட்டால்? முதலில் மெஷினை நிறுத்துங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து இறுக்கி அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். 999-ஐ அழையுங்கள். துண்டான விரலைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேரே ஐஸில் போட்டால் சதை செத்துவிடும், பிறகு ஒட்ட வைக்க முடியாது. ஆளோடு அதையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

முதலாளி, விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். “நாங்களே மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம், சொக்சோ வேண்டாம்” என்று யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் நம்பிவிடாதீர்கள். எந்தத் தேதி, எந்த மெஷின், மறைப்பு இருந்ததா இல்லையா, பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். பையன் சங்கத்தில் சேராதவனாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தத் தாளோடு நம் கிளைச் செயலாளரைப் போய்ப் பாருங்கள்.