உச்சத்தில் ஊதியமில்லை

பொருளாதாரப் பாடத்தில் 'வாங்குவோர் முற்றுரிமை' என்றொரு கருத்து உண்டு. சுரங்க நகரம் ஒன்றில் வேலை தரும் நிறுவனம் ஒன்றே ஒன்றுதான் என்றால், கூலியைத் தீர்மானிப்பதும் அதுவே. தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்கள் இந்தச் சுரங்கத்தைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகளில், சுரங்கத்தை விட்டுவிட்டு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை வகுப்பில் சொல்லத் தொடங்கினேன். அங்கே முதல்நிலைப் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உள்ளன. வீரர்களைச் சேர்ப்பதில் ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டியிடும் இந்தப் பல்கலைக்கழகங்கள், படிப்புச் செலவு, தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு மேல் எந்த வீரருக்கும் ஊதியம் தருவதில்லை என்று என்சிஏஏ எனும் தங்கள் சங்கத்தின் வழியாக விதி வகுத்துக்கொண்டிருந்தன. வாங்குவோர் நூற்றுக்கணக்கில் இருந்தும் ஒருவரைப் போலவே நடந்துகொண்டனர்.

ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "பட்டம் கிடைக்கிறது, பெயரும் கிடைக்கிறது. பிறகு சம்பாதித்துக்கொள்வார்கள் அல்லவா சார்?"

நல்ல கேள்வி. என்சிஏஏ தரப்பின் வாதமும் ஏறக்குறைய இதுதான்: கல்லூரிக் காலம் முதலீட்டுக் காலம், ஊதியம் மறுக்கப்படவில்லை, தள்ளிவைக்கப்படுகிறது. இதற்குக் கோட்பாட்டிலிருந்து விடை சொல்ல முடியாது. ஓர் அணியை எடுத்துக்கொண்டு, அதன் வீரர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். நான் எடுத்துக்கொண்டது 1995-ஆம் ஆண்டின் யுசிஎல்ஏ அணியை, அதாவது லாஸ் ஏஞ்சலீஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியை.

அந்த ஆண்டு ஏப்ரல் 3 அன்று சியாட்டில் நகரின் கிங்டோம் அரங்கில், அர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தை 89-78 என்ற கணக்கில் வென்று யுசிஎல்ஏ தேசியப் பட்டம் பெற்றது. ஜான் வூடன் எனும் பெரும் பயிற்சியாளரின் காலத்தில் பத்துப் பட்டங்களை வென்றிருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, 1975-க்குப் பிறகு இருபது ஆண்டு காத்திருந்து கிடைத்த முதல் பட்டம் அது. இறுதி ஆட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்து, 17 முறை மீள்பந்தைக் கைப்பற்றியவர் எட் ஓபேனன். இறுதிச் சுற்றின் சிறந்த வீரரும் அவரே. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான வூடன் விருதும் அவருக்கே கிடைத்தது. தொலைக்காட்சிக் கணக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1995 முதல் 2002 வரையிலான எட்டுப் போட்டித் தொடர்களை ஒளிபரப்பும் உரிமைக்காக சிபிஎஸ் நிறுவனம் என்சிஏஏவுக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை 172.5 கோடி டாலர்.

இனி அவர்கள் வாழ்க்கை. ஓபேனன் அந்தக் கோடையில் என்பிஏ எனும் தொழில்முறைப் போட்டியில் ஒன்பதாவது ஆளாகத் தேர்வானார்; நியூஜெர்சி அணி அவரை எடுத்தது. காலமும் அவருக்கு வாய்ப்பாக அமையவில்லை. முந்தைய ஆண்டு முதலிடத்தில் தேர்வான கிளென் ராபின்சன் பத்தாண்டுகளுக்கு 6.8 கோடி டாலர் பேரம் பேசி வாங்கியிருந்தார். அதைக் கண்டு திகைத்த அணி உரிமையாளர்கள், 1995-இல் வந்தவர்களிலிருந்து தொடங்கி, தேர்வு வரிசை எண்ணை வைத்தே புதியவரின் ஊதியத்தைக் கட்டுப்படுத்தும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். என்றாலும் முதல் சுற்றில் தேர்வானவருக்கு மூன்றாண்டு ஊதியம் உறுதி. ஓபேனன் வறுமையில் வாடினார் என்று எழுதுவோர் உண்மையைச் சற்று நீட்டுகிறார்கள். ஆனால், 1990-இல் கல்லூரியில் ஆடத் தொடங்குமுன்பே அவருடைய முழங்கால் தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டிருந்தது. கல்லூரியின் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 20 புள்ளிகள் எடுத்தவர், என்பிஏவில் இரு பருவங்களில் சராசரியாக 5 புள்ளிகளே எடுத்தார். பின் இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கம், அர்ஜென்டினா, போலந்து என்று ஊர் ஊராக ஆடி, முப்பது வயதைக் கடந்ததும் ஓய்வு பெற்று, லாஸ் வேகாஸ் பகுதியில் கார் விற்பனைப் பணியில் சேர்ந்தார்.

டையஸ் எட்னி உயரம் குறைந்தவர். வேகம் அவர் சொத்து. அதே போட்டித் தொடரில் மிசூரி பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, எஞ்சியிருந்த 4.8 விநாடிகளில் களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் இட்டவர். இறுதி ஆட்டத்தில் மணிக்கட்டுக் காயத்தால் அவரால் தொடர்ந்து ஆட முடியவில்லை. என்பிஏவில் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. லிதுவேனியாவின் கௌனஸ் நகருக்குப் போய், ஜால்கிரிஸ் அணிக்கு 1999-இல் ஐரோப்பியப் பட்டத்தை வென்று கொடுத்தார். அந்த ஜால்கிரிஸ் அணியில் அவரோடு ஆடியவர்களில் ஒருவர் செக் நாட்டவரான ஜார்ஜ் ஜிடெக். அவரும் 1995 யுசிஎல்ஏ அணியின் உயரமான நடுவர் நிலை ஆட்டக்காரரே! கலிஃபோர்னியாவில் ஊதியமின்றிச் சேர்ந்து ஆடிய இருவர், நான்காண்டு கழித்துப் பால்டிக் கரையோர நாடொன்றில் ஊதியத்துக்குச் சேர்ந்து ஆடினார்கள்.

ஜே.ஆர். ஹெண்டர்சனின் பயணம் இன்னும் விந்தையானது. வான்கூவர் அணிக்காக என்பிஏவில் ஒரே ஒரு பருவம். பிறகு ஜப்பான். அங்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆடினார். 2007-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, ஜே.ஆர். சகுராகி என்று பெயரையும் மாற்றிக்கொண்டு, அந்நாட்டுத் தேசிய அணிக்காகவும் களமிறங்கினார். எட்டின் தம்பி சார்ல்ஸ் ஓபேனனும் டெட்ராய்ட்டில் இரு பருவங்களுக்குப் பின் ஜப்பானில்தான் நீண்ட காலம் ஆடினார். டோபி பெய்லி விளையாட்டு வீரர்களின் முகவரானார். எட்னிக்குப் பதிலாக இறுதி ஆட்டத்தை நடத்திய கேமரன் டாலர், பின்னாளில் அதே சியாட்டில் நகரின் பல்கலைக்கழக அணிக்கு எட்டு ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

பயிற்சியாளர் என்றதும் நினைவுக்கு வருகிறது. இவர்களுடைய பயிற்சியாளர் ஜிம் ஹாரிக், செலவுக் கணக்கு ஒன்றைத் திரித்த விவகாரத்தில் 1996-இல் பதவி நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டே ரோடு ஐலண்ட் பல்கலைக்கழகம் அவரை ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொண்டது. பயிற்சியாளர்களுக்கான சந்தையில் எந்த முற்றுரிமையும் இருக்கவில்லை.

பட்டியலில் கடைசிப் பெயர் பாப் மையர்ஸ். உதவித்தொகை இன்றித் தானாக வந்து அணியில் சேர்ந்து, பெரும்பாலும் இருக்கையிலேயே அமர்ந்திருந்தவர். பிறகு சட்டம் படித்தார், வீரர்களின் முகவராகப் பணிபுரிந்தார், 2012-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பொது மேலாளரானார். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் அந்த அணி 2015, 2017, 2018, 2022 என நான்கு முறை என்பிஏ பட்டம் வென்றது. மனித மூலதனக் கோட்பாட்டுக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் கிடைக்காது. கல்லூரி அவருக்குக் கல்வியையும் தொடர்புகளையும் தந்தது. அவை பல மடங்கு பெருகின.

இங்கேதான் மாணவியின் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த அணியில் 'பிறகு சம்பாதித்துக்கொள்வார்கள்' என்ற வாக்குறுதி மிகச் சிறப்பாகப் பலித்தது மையர்ஸுக்கு. ஆனால் அவர் ஆட்டத்தைக் காண யாரும் நுழைவுச்சீட்டு வாங்கவில்லை. யாரைக் காண வாங்கினார்களோ, அந்த ஓபேனனின் சந்தை மதிப்பு 1995 ஏப்ரலில், 22 வயதில், உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதன்பின் அது இறங்குமுகம்தான். உச்சம் பின்னால் வருமானால் ஊதியத்தைத் தள்ளிவைப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. உச்சம் கல்லூரியிலேயே வந்து போய்விடுமானால், தள்ளிவைத்தல் என்பது பறித்தலுக்கு இட்ட நல்ல பெயர். பெரும்பாலான வீரர்களின் நிலை இதுவே என்பதற்கு எளிய கணக்குப் போதும். 350 அணிகள், அணிக்கு 13 உதவித்தொகை என்று அந்நாளைய விதிப்படி வைத்துக்கொண்டால் 4,550 பேர். என்பிஏ ஆண்டுதோறும் தேர்வு செய்வது சுமார் 60 பேர். அதிலும் ஒரு பகுதி வெளிநாட்டவருக்குப் போய்விடுகிறது.

'கல்விதான் கூலி' என்ற வாதத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். கல்லூரியில் காலம் கழித்தவன் நான். ஆனால் ஓபேனன் 2014-இல் நீதிமன்றத்தில் அளித்த சாட்சியத்தின்படி, வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கூடைப்பந்துக்கும், ஏறத்தாழ 12 மணி நேரம் படிப்புக்கும் போனது. மாணவர் வேடத்தில் இருந்த விளையாட்டு வீரராகவே தம்மை அவர் விவரித்தார். கூலியாகத் தரப்படும் பண்டத்தை நுகர நேரமே விடாத முதலாளியைப் பற்றிப் பாடநூலில் எதுவும் இல்லை.

அவர் நீதிமன்றத்துக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. நண்பர் வீட்டில் ஒரு சிறுவன் ஆடிக்கொண்டிருந்த காணொளி விளையாட்டில் தம்மையே கண்டார்: அதே 31-ஆம் எண் சட்டை, அதே மழித்த தலை, அதே இடக்கை எறிதல். பெயர் மட்டும் இல்லை, பணமும் வரவில்லை. 2009-இல் வழக்குத் தொடுத்தார். விசாரணைக்கு முன் அவர் தரப்பு இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, விதியை மாற்றும் உத்தரவை மட்டுமே கேட்டது. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் ரோஜர் நோல் சாட்சிக் கூண்டில் ஏறி, என்சிஏஏ ஒரு கார்ட்டெல் என்பதை விளக்கினார். நீதிபதி கிளாடியா வில்கன் ஏகபோகத் தடைச் சட்டம் மீறப்பட்டதாக 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். 2021-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராக நின்றனர். அதே ஜூலை முதல், வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு விற்க அனுமதி கிடைத்தது. பிறகு 2025 ஜூன் 6 அன்று அதே வில்கன், ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பல்கலைக்கழகங்கள் இப்போது தம் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சுமார் 2.05 கோடி டாலர். முன்னாள் வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டாலர்.

ஆனால் 'முன்னாள்' என்பது 2016-க்குப் பிறகு ஆடியவர்களை மட்டுமே குறிக்கிறது. கதவைத் திறந்த ஓபேனன் வெளியே நிற்கிறார். 2008 இறுதி ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் தொலைவிலிருந்து எறிந்து ஆட்டத்தைச் சமன் செய்து, கன்சாஸ் வெல்ல வழி செய்த மாரியோ சால்மர்ஸும் பிறரும், தங்கள் ஆட்டக் காட்சிகள் இன்றும் வணிகத்துக்குப் பயன்படுகின்றன என்று வழக்குத் தொடுத்தனர். காலவரம்பு கடந்துவிட்டதெனக் கூறி நீதிமன்றம் 2025-இல் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். பொருளாதாரப்படி எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ஒரு சொத்து இன்னும் வருவாய் ஈட்டிக்கொண்டிருக்கையில், அதை உண்டாக்கியவரின் உரிமை மட்டும் எப்படிக் காலாவதியாகும்? இதற்கிடையே ஒளிபரப்பு ஒப்பந்தம் 2032 வரை நீட்டிக்கப்பட்டு, நீட்டித்த எட்டு ஆண்டுகளுக்கு மட்டும் 880 கோடி டாலராக உயர்ந்திருக்கிறது. 1995 ஒப்பந்தத்தைப்போல் ஐந்து மடங்கு.

பணம் வந்ததும் வீரர்கள் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் மாறுகிறார்கள், படிப்பு பாழாகிறது என்ற புகார் இப்போது உரக்கக் கேட்கிறது. புகாரில் உண்மை உண்டு. நான்கு கல்லூரிகளில் நான்கு ஆண்டு படித்தவர் பட்டம் பெறுவது கடினம். அதை ஊகத்தால் தீர்க்க வேண்டியதில்லை. பட்டம் பெறும் வீரர்களின் விகிதத்தை என்சிஏஏ ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளமோ, எந்தப் படிப்பை எந்தக் கல்லூரியில் முடித்தவர் பின்னர் எவ்வளவு ஈட்டுகிறார் என்பதையே வெளியிடுகிறது. அதே தரவில் விளையாட்டு அணி என்றொரு பத்தியைச் சேர்த்தால் போதும். ஓர் அணியில் பதினைந்து பேரே இருப்பதால், தனியொருவரின் வருமானம் வெளியே தெரிந்துவிடாதபடி பத்தாண்டு அணிகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கும். புள்ளியியல் துறையினருக்கு அது பழகிய வேலைதான். அப்படிச் செய்தால், பதினெட்டு வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளைஞரும் அவருடைய பெற்றோரும், இதே சட்டையை முன்பு அணிந்தவர்கள் முப்பத்தைந்து வயதில் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.