நட்சத்திரக் குறியும் காத்திருக்கும் நாட்களும்

படிவம் நான்கு மாணவர்களுக்குச் சுகாதார அமைச்சு 2016 முதல் தாலசீமியா பரிசோதனை நடத்தி வருகிறது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் பாரம், கையில் ஓர் ஊசி, சிறு குழாயில் கொஞ்சம் இரத்தம். அன்றைக்கு அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் வகுப்பில் சிலருக்கு மட்டும், மேற்கொண்டு பரிசோதனை செய்ய வேண்டும் என்று தகவல் வருகிறது. அறிக்கையில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. இறுதி முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். சில வேளைகளில் மாதங்களும் ஆகும்.

இடைப்பட்ட அந்த நாட்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். மாணவர் கைப்பேசியை எடுத்து ‘தாலசீமியா’ என்று தேடுகிறார். மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளின் படங்கள் வருகின்றன. வீட்டிலோ ஒருவர் “ஒன்றும் இருக்காது, கவலைப்படாதே” என்கிறார்; இன்னொருவர் “யாரிடமும் சொல்லிவிடாதே” என்கிறார். என் கருத்தில் இந்த இரண்டு பேச்சும் உதவாது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

பெரும்பாலும் குறியிடப்படும் எண் எம்.சி.எச். ஒரு சிவப்பணுவுக்குள் சராசரியாக எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதன் அளவு அது. அலகு பிக்கோகிராம், ஒரு கிராமை ஒரு லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு. 27 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உங்கள் எண் 24 என்றால் அது தற்செயலாக வந்திருக்காது, காரணம் இருக்கும். ஆனால் எந்தக் காரணம் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. உடலில் இரும்புச் சத்து குறைந்தாலும் சிவப்பணு சிறுத்து வெளிறும். தாலசீமியா மரபணு இருந்தாலும் அப்படித்தான். வளரும் வயதுப் பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவு சாதாரணமாக ஏற்படுவது.

அதே தாளில் வேறு சில எண்களுக்கும் குறி இருக்கலாம். ‘இயல்பு அளவு’ என்பது வழக்கமாக நலமான மக்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்கும் எல்லை. அப்படியானால் நலமாக இருப்பவர்களிலேயே 5 விழுக்காட்டினர் அதற்கு வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 அளவீடுகள் என்று வைத்துக்கொண்டு, கால்குலேட்டரில் 0.95-ஐ 20 முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 0.36 வரும். அதாவது, முழு நலத்தோடு இருக்கும் ஒருவருக்கும் ஒரு குறியாவது விழும் வாய்ப்பு 64 விழுக்காடு! (இரத்த அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் உண்மைக் கணக்கு கொஞ்சம் மாறும்.)

சரி, ஏன் இத்தனை நாள்? இரும்புச் சத்துக் குறைவு இருந்தால், பீட்டா தாலசீமியாவைக் காட்டிக்கொடுக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவும் இறங்கிவிடக்கூடும். அப்போது பரிசோதனை ஏமாற்றிவிடும். அதனால் சிலருக்கு மருத்துவர் முதலில் இரும்புச் சத்தைச் சரிசெய்துவிட்டு, பிறகு மீண்டும் இரத்தம் எடுப்பார். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். பழைய அணுக்கள் போய்ப் புதியவை நிறையக் காலம் வேண்டும். அதை யாராலும் விரைவுபடுத்த முடியாது. ஆல்பா தாலசீமியா என்றால் சாதாரணப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. மரபணுச் சோதனைதான் வழி. அதைச் செய்யும் ஆய்வுக்கூடங்கள் சிலவே என்பதால் மாதிரிகள் வரிசையில் காத்திருக்கும். தாமதம் ஆகிறது என்பதாலேயே ‘ஏதோ மோசமாக இருக்கிறது, மறைக்கிறார்கள்’ என்று எண்ணத் தேவையில்லை.

ஆனால் மனம் அப்படித்தான் எண்ணும். அதற்கும் அறிவியல் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 45 பேர் கணினி விளையாட்டில் கற்களைப் புரட்ட வேண்டும். கல்லுக்கு அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றிருந்தபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. கெட்ட செய்தியைவிட, தெரியாத செய்தி உடலை அதிகம் வாட்டுகிறது. ஆகவே, முடிவுக்குக் காத்திருக்கும்போது தூக்கம் வராமல் புரளும் மாணவர் கோழை அல்லர்.

இதே ஆய்விலிருந்து ஒரு வழியும் கிடைக்கிறது. நிச்சயமின்மையில் எவ்வளவைக் குறைக்க முடியுமோ அவ்வளவைக் குறையுங்கள். இன்று முடிவைத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் முடிவு எப்போது வரும், யார் சொல்வார்கள், வராவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று தெரிந்துகொள்ளலாம். கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் சென்று தாதியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். பதினாறு வயதுக்காரருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பெரியவர்கள் மட்டும் பேசிவிட்டு வெளியே வரும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மருத்துவர் சொல்லாமல் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். தாலசீமியா மரபணு உள்ளவருக்கு இரும்புச் சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருக்கலாம். மூச்சு வாங்குதல், அடிக்கடி தலைசுற்றல், மயக்கம் இருந்தால் மட்டும் முடிவுக்காகக் காத்திருக்காமல் உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். படிப்பிலும் தூக்கத்திலும் கை வைக்கும் அளவுக்குக் கவலை போனால் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.

தாலசீமியா மரபணு ஒன்று மட்டும் உடையவர் ‘கடத்தி’. அவர் நோயாளி அல்லர். ஓடலாம், பந்து விளையாடலாம், சிகிச்சை தேவையில்லை. இணையத்தில் கண்ட படங்கள் கடத்திகளுடையவை அல்ல. கடும் தாலசீமியா உள்ள குழந்தைகளுடையவை. கணவன், மனைவி இருவருமே பீட்டா தாலசீமியா கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் தாலசீமியா வரலாம். மரபியல் பாடத்தில் நாம் போடும் நான்கு கட்டம்தான். பதினாறு வயதில் சோதிப்பது எதற்கு என்றால், அந்தக் கட்டத்தை நிரப்பும் வயது வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

“யாரிடமும் சொல்லிவிடாதே” என்ற பேச்சை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். பெண் பிள்ளை என்றால் இந்தப் பேச்சு இன்னும் அழுத்தமாக வருகிறது. ‘நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே’ என்பார்கள். மறைத்து வைக்கப்பட்ட முடிவால் பரிசோதனையின் பயனே போய்விடுகிறது. ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்பதில்லை, புலனக் குழுவில் போட வேண்டியதும் இல்லை. நம்பகமான இரண்டு மூன்று பேரிடமும், பிற்காலத்தில் வாழ்க்கைத் துணையாகப் போகிறவரிடமும் சொல்லியே ஆக வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். இந்த மரபணு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் வந்திருக்கும். உங்கள் பழைய இரத்த அறிக்கைகள், அண்ணன் அக்காள் படிவம் நான்கில் எடுத்த பரிசோதனையின் முடிவு எது வீட்டில் இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். தேட வேண்டிய திசை மருத்துவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.